பெயரில் பிஸ்டல், தோட்டாவில் ரைஃபிள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவில் விற்கும், ரைஃபிள் உருவில் தோள்கட்டை இல்லாமல் வரும் 'ஏஆர் பிஸ்டல்' போன்ற துப்பாக்கிகளைப் பற்றிய செய்திகளில், 'கைத்துப்பாக்கி' என்ற ஒரு சொல்லோடு நம் நாளிதழ்கள் நிறுத்திக்கொள்கின்றன. படிப்பவர் மனத்தில் இடுப்பு உறையில் செருகும் க்ளாக்தான் வந்து நிற்கும். க்ளாக் 17 காலி மேகசினோடு 700 கிராம் சொச்சம். சிஇசட் ஸ்கார்ப்பியன் பிஸ்டல் இரண்டு கிலோவுக்கு மேல். ஏஆர் வகை இன்னும் கனம். இரண்டையும் ஒரே பெயரில் எழுதினால், குட்டைக் குழல் கொண்ட பெரிய பிஸ்டல் எதற்கு உதவும், எங்கே கைவிடும் என்பது யாருக்கும் புரியாது. அதைத் தீர்மானிப்பவை தோட்டாவும் குழல் நீளமும்தான்.

இந்த வகை பிறந்ததே சட்டத்தின் இடுக்கில். 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்ட மசோதாவில் முதலில் பிஸ்டலும் ரிவால்வரும் இருந்தன. ரைஃபிளை வெட்டிச் சிறிதாக்கி யாரும் தப்பிக்கக் கூடாதென்று குட்டை ரைஃபிளையும் சேர்த்தார்கள். பிறகு பிஸ்டலை நீக்கினார்கள். குட்டை ரைஃபிள் மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது. இன்றைய விதிப்படி, தோளில் வைத்துச் சுடும் ரைஃபிளின் குழல் 16 அங்குலத்துக்கோ மொத்த நீளம் 26 அங்குலத்துக்கோ குறைந்தால் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். தோள்கட்டை இல்லாமலே தயாரித்தால் அது பிஸ்டல், அந்தப் பதிவு தேவையில்லை.

தோட்டாவுக்கு வருகிறேன். 5.56 மி.மீ. தோட்டா, அமெரிக்க ராணுவத்தின் எம்16 ரைஃபிளின் 20 அங்குலக் குழலோடு வளர்ந்தது. அந்த நீளத்தில் குண்டு விநாடிக்குச் சுமார் 940 மீட்டர் வேகத்தில் வெளியேறும். குழல் பத்தரை அங்குலமானால் சுமார் 800. ஏழரை அங்குலமானால் 700 அளவுக்கு இறங்கிவிடும். வேகம் கால் பங்கு குறைந்தால் ஆற்றல் 44 சதவீதம் போய்விடும். எரியாத வெடிமருந்து குழல் வாய்க்கு வெளியே தீப்பிழம்பாக வீணாகிறது. மூடிய அறைக்குள் அந்த ஓசை காதைக் கெடுத்துவிடும்: திடீர் ஓசைக்கு 140 டெசிபலே எல்லை என்கிறார்கள், 5.56 ரைஃபிளே 160ஐ ஒட்டி நிற்கும், குழல் குறையக் குறைய அது ஏறும். குட்டைக் குழலின் முனையில், வாயுவைத் திருப்பிவிடும் மஸல் பிரேக் மாட்டுவது பெரும் தவறு. பின்னுதை சற்றுக் குறையும், ஆனால் வாயுவும் ஓசையும் பக்கவாட்டில் திரும்பிச் சுடுபவரையும் அருகில் நிற்பவரையும் தாக்கும். ஒளியை அடக்கும் பிளாஷ் ஹைடர் போதும்.

சுடும்போது அடிக்கடி சிக்கிக்கொள்வதும் இந்த ஏழரை அங்குலக்காரன்தான். குழலில் உள்ள சிறு துளை வழியாக வரும் வாயுதான் தோட்டா அறையை மூடி நிற்கும் போல்ட்டைப் பின்னே தள்ளுகிறது. குண்டு துளையைக் கடந்து வாயை விட்டு வெளியேறும் வரைதான் அழுத்தம் நிலைக்கும். குட்டைக் குழலில் அந்த நேரம் மிகக் குறைவு என்பதால் துளையைப் பெரிதாக்குகிறார்கள். துளை தோட்டா அறைக்கு அருகிலேயே இருப்பதால் அழுத்தமும் அதிகம். விளைவாக, வெற்றுக் கூடு அறைச் சுவரைப் பற்றியிருக்கும்போதே போல்ட் இழுக்கிறது. கூட்டின் விளிம்பு கிழிகிறது. அல்லது மேகசின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேலே தள்ளுவதற்குள் போல்ட் திரும்பி வந்துவிடுகிறது. போல்ட்டின் பின்னோட்டத்தைத் தாங்கும் 85 கிராம் பஃபருக்குப் பதில் 130 கிராம் அளவுள்ள எச்2 பஃபர், கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டருக்கு வலுவான ஸ்பிரிங், தாராளமான எண்ணெய் ஆகியவற்றால் பெரும்பாலும் சரியாகும். பத்தரை அங்குலத்துக்குக் கீழே 5.56 வாங்குவது என் கருத்தில் பணத்தை வீணாக்குவதே.

9 மி.மீ. கதை வேறு. அது பிறவியிலேயே பிஸ்டல் தோட்டா. நாலு அங்குலத்திலிருந்து எட்டு அங்குலத்துக்குப் போனால் வேகம் சற்றுக் கூடும். அதன்பின் நீளத்தால் பெரிய லாபமில்லை. வீட்டுக் காவலுக்குக் குட்டையான பெரிய பிஸ்டல் வேண்டுமென்பவருக்கு இதுவே நேர்மையான தேர்வு. எடை தரும் நிதானம், மேகசினில் 30 தோட்டா, குட்டைக் குழல் 5.56ஐ விடக் குறைந்த ஓசை எல்லாம் கிடைக்கும்.

மூன்றாவது தோட்டா .300 பிளாக்அவுட். 2011இல் தர அங்கீகாரம் பெற்ற இது, ஒன்பது அங்குலக் குழலிலேயே மருந்தை ஏறக்குறைய முழுதும் எரித்துவிடும். சைலன்சரோடு கனமான 220 கிரெயின் (சுமார் 14 கிராம்) குண்டைச் சுட்டால் ஒலி வேகத்துக்குள்ளேயே நிற்கும். ஆனால் இதன் போல்ட்டும் மேகசினும் 5.56க்கு உரியவையே. தவறிப்போய் .300 தோட்டா 5.56 துப்பாக்கிக்குள் நுழைந்து சுடப்பட்டால் துப்பாக்கியே வெடித்துச் சிதறும். ஒரே வீட்டில் இரண்டும் இருந்தால் மேகசின்களுக்கு வேறு வேறு நிறம், வேறு வேறு பெட்டி கட்டாயம்.

கையில் பிடிப்பதிலும் கவனம் வேண்டும். தாங்கும் கையின் விரல்கள் குழல் வாய்க்கு மிக அருகில் இருக்கும். முனையில், விரல் முன்னே நழுவாமல் தடுக்கும் ஹேண்ட் ஸ்டாப் பொருத்தாமல் சுடக் கூடாது. நேர்க்குத்தான முன்கைப்பிடி மாட்டினால், 26 அங்குலத்துக்குள் உள்ள பிஸ்டல் சட்டத்தின் வேறு வகைக்குள் போய்விடும்; பதிவில்லாமல் அப்படிச் செய்வது கூட்டாட்சிக் குற்றம். ஏஆர் வகையில், சிவப்புப் புள்ளியால் குறி காட்டும் ரெட் டாட் கருவி குழலுக்கு மேல் சுமார் 66 மி.மீ. உயரத்தில் நிற்கும். அறைக்குள் குண்டு புள்ளிக்குக் கீழே படும். கதவு ஓரத்திலிருந்து பார்த்தால் புள்ளி தெளிவாகத் தெரியும், குண்டோ கதவு நிலையில் பாயும்.

தோள்கட்டையும் பிரேஸும் இல்லாத இரண்டரைக் கிலோவை நீட்டிய கைகளால் குறி பார்ப்பது கடினம். முன்கையில் கட்டும் பிரேஸ் 2012இல் ஊனமுற்றவருக்காக வந்தது; பலரும் அதைத் தோளில் வைத்தார்கள். அதைக் கட்டுப்படுத்த 2023 ஜனவரியில் வந்த விதியை 2024 ஜூனில் டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றம் ரத்து செய்தது. 2026 ஜனவரி 1 முதல் குட்டை ரைஃபிளுக்கான 200 டாலர் வரியும் பூஜ்யம். அப்படியிருந்தும் பிஸ்டல் வடிவத்துக்கு ஒரு சௌகரியம் மிச்சமிருக்கிறது: பதிவு செய்த குட்டை ரைஃபிளை மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோக முன்அனுமதி வேண்டும், பிஸ்டலுக்கு அது வேண்டாம்.

நம் நாட்டிலும் இதே கணக்கை முன்னமே போட்டிருக்கிறார்கள். புனேயில் உள்ள ராணுவ ஆயுத ஆய்வுக்கூடமான ஏஆர்டிஇ உருவாக்கிய ஜேவிபிசி என்ற குட்டைத் துப்பாக்கிக்கு (கார்பைன்) இன்சாஸ் ரைஃபிளின் 5.56×45 தோட்டாவைத் திணிக்காமல், 5.56×30 என்ற குட்டைத் தோட்டாவையே தேர்ந்தெடுத்தார்கள். இனி இத்தகைய செய்தி வரும்போது குழல் எத்தனை அங்குலம், என்ன தோட்டா என்ற இரண்டு விவரங்களையும் சேர்த்து அச்சிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்