தலைகீழாகத் தெரிந்த ஆறு

திருகோணமலை,
தை மாதம்.

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் பொங்கலுக்கு முதல்நாள் கைக்குக் கிடைத்தது. அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டது என்று அறிந்து நிம்மதியடைந்தேன். தம்பி தொழில்நுட்பக் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு, நைற்றா என்ற அரச தொழிற்பயிற்சி அதிகாரசபை ஊடாகக் குளப் புனரமைப்பு வேலைத்திட்டமொன்றில் பயிலுனராக எங்கள் மாவட்டத்துக்கே வருகிறான் என்பதைப் படித்தபோது, எனக்கே மறுபடியும் நியமனக் கடிதம் வந்ததுபோல வயிற்றில் ஒரு கலக்கம் உண்டாயிற்று. அவனுக்குப் புத்தி சொல்லி நாலு வரி எழுதும்படி கேட்டிருக்கிறாய். புத்தி சொல்ல எனக்கு வராது. நான் பயிலுனராக இருந்த காலத்தில் பட்டதை எழுதுகிறேன், தேவையானதை அவனே பொறுக்கி எடுத்துக்கொள்ளட்டும்.

2020 ஆம் ஆண்டில் அரசாங்கம் 50,000 பட்டதாரிகளைப் பயிலுனர்களாகச் சேர்த்துக்கொள்வதாக அறிவித்தபோது, வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நாம் படித்த புவியியல் பட்டத்துக்கு இப்படியும் ஒரு கதவு திறக்குமா என்று நீயும் நானும் தொலைபேசியில் பேசிச் சிரித்தது நினைவிருக்கும். மாதக் கொடுப்பனவு 20,000 ரூபாய். உப்புவெளியில் அறை வாடகை, புல்மோட்டை பஸ்ஸுக்கான காசு, மதியச் சாப்பாடு எல்லாம் போக மாதக் கடைசியில் மிஞ்சியதை எழுதினால் நீ வருத்தப்படுவாய். முதல் சில மாதங்கள் மேசையோடு போயின. கொரோனாக் காலத்து நிவாரணப் பட்டியல்களைச் சரிபார்ப்பதும், போட்டோக் கொப்பி எடுப்பதும், சிங்களத்தில் வரும் சுற்றறிக்கைகளுக்குத் தமிழில் சுருக்கம் எழுதுவதுமாக இருந்தேன். ‘பயிலுனர்’ என்ற சொல்லுக்கு அந்த அலுவலகத்தில் ‘கை ஓய்வாக இருப்பவர்’ என்பதுதான் பொருள் என்று அப்போது கசப்புடன் நினைத்ததுண்டு. இப்போதும் அந்த அபிப்பிராயத்தை முழுவதுமாக மாற்றிக்கொள்ளவில்லை.

குச்சவெளிப் பக்கத்தில் ஒரு சிறுகுளத்தைப் புனரமைக்கும் வேலைக்கு என்னை விட்ட பிறகுதான் உண்மையான பயிற்சி தொடங்கியது. இருநூறு ஏக்கருக்கும் குறைவான வயலுக்கு நீர் பாய்ச்சும் குளங்கள் சிறுகுளங்கள் என்ற கணக்கில் வரும். அது அதிலும் சிறியது. தொழில்நுட்ப உத்தியோகத்தர் கந்தளாயைச் சேர்ந்த சிங்களவர். என்னை ‘நங்கி’, அதாவது தங்கை, என்று அழைத்து, முதல் நாளே மட்டம் பார்க்கும் லெவல் கருவியின் முக்காலியைத் தோளில் தூக்கி வைத்துவிட்டார். அளவுக்கோலைப் பிடித்துக்கொண்டு குளக்கட்டில் நிற்பதற்கு ஊர்ப் பையன் ஒருவன், கருவியில் பார்த்து வாசிப்பதற்கு நான், பக்கத்தில் ஒரு பாலை மரநிழலில் அவர்.

அது பழைய காலத்துக் கருவி. அதன் வழியே பார்த்தால் அளவுக்கோல் தலைகீழாகத் தெரியும். இலக்கங்கள் கவிழ்ந்து நிற்கும், எண் மேலிருந்து கீழாகக் கூடும். இதை அவர் எனக்குச் சொல்லித்தான் இருந்தார். ஆனால் புரட்டாதி வெயில் பிடரியில் அடிக்கும்போது, கண்ணாடிக்குள் ஒரு கண்ணைச் சுருக்கி வைத்துக்கொண்டு, சொன்னதையெல்லாம் யார் நினைவில் வைத்திருப்பார்கள்? கருவியை இடம் மாற்றுவதற்கு முன் எடுத்த கடைசி வாசிப்பில், கவிழ்ந்து நின்ற ஆறை ஒன்பது என்று வாசித்தேன். 1.64 என்று எழுத வேண்டியதை 1.94 என்று அளவுப் புத்தகத்தில் அழகான கையெழுத்தில் பதிந்தேன். மேலும் கீழும் இருந்த இலக்கங்களை ஒருமுறை பார்த்திருந்தால் ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவே ஒன்பது எப்படி வந்தது என்று கேட்டிருப்பேன். நான் பார்க்கவில்லை.

மட்டம் எடுக்கும் வேலையில், தொடங்கிய புள்ளிக்கே திரும்பி வந்து முடிக்க வேண்டும் என்பது விதி. திரும்பி வந்து கணக்குப் போட்டபோது, குளத்து நீரைத் திறந்துவிடும் மதகான துருசின் சீமெந்துப் படியில் நாங்கள் குறி வைத்துத் தொடங்கிய அதே புள்ளி, காலையில் இருந்ததை விட 30 சென்ரிமீற்றர் கீழே இறங்கியிருந்தது. படி இறங்காது என்பது எனக்கே தெரியும். உத்தியோகத்தர் ஏசவில்லை. அந்தப் பக்கத்தை என் முன்னால் வைத்து, நான் பிழையாக வாசித்த புள்ளிக்குப் பின்னால் உள்ள 300 மீற்றர் கட்டும் காகிதத்தில் 30 சென்ரிமீற்றர் பதிந்து போயிருப்பதைக் காட்டி, அதை நிரப்ப எவ்வளவு கிரவல் வேண்டுமென்று என்னையே கணக்குப் போடச் சொன்னார். மூன்று மீற்றர் அகலத்துக்கு, சரிவைச் சேர்க்காமலே 270 கன மீற்றர், அதாவது ஏறத்தாழ 95 கியூப். ஓர் இலக்கம் கவிழ்ந்ததால் இல்லாத பள்ளத்துக்கு அத்தனை டிப்பர் மண் வந்திருக்கும் என்று உணர்ந்தபோது, என் கையொப்பத்துக்கு மதிப்பில்லாத அந்த அலுவலகத்தில் என் இலக்கத்துக்கு இருந்த மதிப்பைக் கண்டு பயந்துபோனேன். மறுநாள் முழுவதும் மறுபடியும் அளந்தோம். பையனுக்குத்தான் என்மேல் கோபம்.

இதைவிடப் பெரிய பாடம், வயல்களுக்கு நீர் பங்கிடும் பொறுப்பிலிருந்த வட்டவிதானையாரிடம் கிடைத்தது. எழுபதைத் தாண்டிய மனிதர். வேலை நடந்த நாட்களில் தினமும் சைக்கிளில் வந்து, ஒன்றும் பேசாமல் கட்டின் வெளிப்புறச் சரிவையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, துருசுக்கு இருபது அடி தள்ளிக் கட்டின் அடியில் ஓரிடத்தைக் காட்டினார். ஊரெல்லாம் புல் காய்ந்து சருகாகிக் கிடந்த அந்த நாளில் அந்த இடத்தில் மட்டும் பாய் விரித்ததுபோலப் பச்சை. கையை வைத்தேன், குளிர்ந்தது. “பிள்ளை, நீங்கள் கட்டை உயர்த்த மண் போடுகிறீர்கள். சட்டியில் ஓட்டை இருக்க, விளிம்பை உயர்த்தி என்ன பயன்?” என்றார்.

அவருக்குச் சிங்களம் வராது, உத்தியோகத்தருக்குத் தமிழ் அரைகுறை. ஒருவர் துருசு என்பதை மற்றவர் சொரொவ்வ என்பார், மதிப்பீட்டில் அது ஸ்லூஸ் என்று இருக்கும். மூன்றும் ஒன்றுதான் என்று சொல்லிக்கொண்டு நடுவில் நின்றது நான். அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டில் அந்தக் கசிவு இல்லை என்பதால் உத்தியோகத்தர் முதலில் தயங்கினார். பெரியவர் மேற்கொண்டு வாதாடாமல், 1986 ஆம் ஆண்டு சித்திரையில் கந்தளாய்க் குளம் உடைத்ததைப் பற்றி மட்டும் பேசத் தொடங்கினார். நான் மொழிபெயர்க்கவே வேண்டியிருக்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன அந்த வெள்ளத்தை ‘கந்தளாய்’ என்ற ஒரு சொல்லே உத்தியோகத்தருக்குச் சொல்லிவிட்டது. அது அவருடைய ஊர். பெக்கோ இயந்திரத்தைக் கொண்டுவந்து தோண்டியபோது, எப்போதோ வெட்டிய மரமொன்றின் வேர் கட்டுக்குள்ளே உக்கி, நீருக்கு வழி விட்டிருந்தது தெரிந்தது. வெட்டி எடுத்துக் களிமண் இட்டுத் திமிசு போட்டு இறுக்கினோம். அந்த மேலதிக வேலைக்கான காசில் ஒரு பகுதிக்கு மட்டுமே மேலிடத்து அனுமதி கிடைத்தது. மீதிக்குக் கமக்கார அமைப்பு சிரமதானம் செய்தது. ஊரவரின் உழைப்பில் அரசாங்கத்தின் கணக்குச் சரியாவதை நான் நல்ல ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்த மாரிக்கு முன் வேலை முடிந்தது.

அதன் பின் நிரந்தர நியமனம் வந்து, அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற பெயரோடு மீண்டும் மேசைக்கே வந்துவிட்டேன். சம்பளம் கூடியிருக்கிறது. வெயில் குறைந்திருக்கிறது. சென்ற மார்கழியில் மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் அந்தக் குளத்தைப் பார்க்கப் போனேன். குளம் நிரம்பி வான் வழியே நீர் பாய்ந்துகொண்டிருந்தது, கசிந்த இடத்தில் மாடு மேய்ந்தது. வட்டவிதானையாருக்கு இப்போது கால் ஏலாது, அவருடைய மகன்தான் துருசு திறக்கிறான்.

தம்பியிடம் அகன்ற தொப்பி ஒன்றும், வயல் வட்டையில் போட ரப்பர் செருப்பும் கொண்டுவரச் சொல். அவனுக்குக் கொடுக்கப்போகும் கருவி புதியதாக இருந்தால் இலக்கங்கள் நேராகவே தெரியும், இருந்தாலும் கேட்டுப் பார்க்கட்டும். சிங்களம் ஐம்பது சொல்லாவது பழகிக்கொண்டு வந்தால் பாதி வேலை குறையும். தங்க இடம் பார்க்கும் பொறுப்பு என்னுடையது. முதல் கொடுப்பனவு கைக்கு வரப் பிந்தக்கூடும் என்பதால் சாப்பாட்டுக்கு எங்கள் வீடு இருக்கிறது என்றும் சொல்லிவை. என் பழைய அளவுப் புத்தகத்தை அவனுக்காக எடுத்து வைத்திருக்கிறேன். வெட்டித் திருத்திய 1.94 அதில் அப்படியே இருக்கிறது, அதற்கு அடுத்த பக்கத்திலிருந்து எல்லா ஆறுக்கும் ஒன்பதுக்கும் அடியில் நான் கோடிட்டிருப்பதையும் காண்பான்.

அம்மாவை வெயிலில் இறங்க விடாதே. பதில் எழுது.

என்றும் உன் அன்புள்ள,
வந்தாறுமூலைத் தோழி