தப்பவிட்ட ஆடுகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்தோத்திரம். சென்ற இதழில், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து நாட்களைப் பற்றி வந்த கட்டுரை உபவாசம், ஜெபம், காணிக்கை எல்லாவற்றையும் விரிவாகச் சொன்னது. கீழ்ப்படிதலை மட்டும் ஒரே வரியில் முடித்துவிட்டது.

வேதாகமத்தில் 1 சாமுவேல் 15ஆம் அதிகாரத்தில், அமலேக்கியரையும் அவர்களுக்கு உள்ள எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் அழிக்கும்படி, இஸ்ரவேலின் ராஜாவான சவுலுக்குத் தீர்க்கதரிசி சாமுவேல் மூலம் கர்த்தர் கட்டளையிடுகிறார். சவுல் அந்தச் சொல்லை அடியோடு தள்ளிவிடவில்லை. யுத்தத்துக்குப் போனான், ஜெயித்தான். அமலேக்கியரின் ராஜா ஆகாகையும் ஆடுமாடுகளில் நல்லதையும் மட்டும் விட்டுவைத்தான். (அந்தக் கட்டளையின் கடுமை இன்று படிப்பவரை உலுக்கத்தான் செய்கிறது, அது தனியாகப் பேச வேண்டியது.) சாமுவேல் வந்ததுமே, கர்த்தர் சொன்னதை நிறைவேற்றிவிட்டேன் என்று சவுல் முந்திக்கொள்கிறான். ஆடுகள் கத்துகிற சத்தம் கேட்கிறது. இது என்ன என்று கேட்டால், பலியிடுவதற்காக ஜனங்கள் தப்பவிட்டார்கள் என்கிறான். வைத்துக்கொள்ளாதே என்று சொன்னதை வைத்துக்கொண்டு, அதையே சொன்னவருக்குப் படைக்கப் பார்க்கிறான்! பலியைவிடக் கீழ்ப்படிதல் உத்தமம் என்று சாமுவேல் சொன்னது இந்த இடத்தில்தான்.

நம் சென்னைச் சபைகளில் அந்த ஆடு கத்துகிற இடம் கல்யாண வீடு. பையன் வாலிபர் கூட்டத்துக்குத் தவறாமல் வருவான், பாடகர் குழுவில் இருப்பான், லெந்து முழுக்க அசைவம் தொடமாட்டான். பெண் பார்த்து முடிந்ததும் பெற்றோர், "நாங்க ஒண்ணும் கேட்கலைங்க, உங்க பொண்ணுக்குச் செய்யறதைச் செய்யுங்க" என்பார்கள். எத்தனை சவரன், பைக்கா காரா என்பதெல்லாம் அப்புறம் ஒரு மாமா வாயிலாக வந்து சேரும். பெண்ணின் அப்பா பி.எஃப். பணத்தை எடுப்பார். பையனைக் கேட்டால், "பெரியவங்க பேசிக்கிட்டாங்க" என்பான். மூன்று ஞாயிறு ஆராதனையில் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசித்து, தடை உண்டா என்று ஆயர் கேட்பார். விஷயம் தெரிந்தவர்களும் பேசாமல் உட்கார்ந்திருப்போம். வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961இல். பிறனுக்குள்ள எதையும் இச்சியாதே என்ற கட்டளையோ நாம் ஞாயிறுபள்ளியிலேயே மனப்பாடம் செய்தது.

கடைசியில் சவுல் உண்மையைச் சொல்லிவிடுகிறான்: ஜனங்களுக்குப் பயந்து அவர்கள் சொல்லைக் கேட்டேன். நம் வீடுகளிலும் அதே பயம்தான். ஒன்றும் வாங்காமல் கட்டினால், பையனிடம் ஏதோ குறை என்று சொந்தக்காரர்கள் பேசுவார்களாம்.

முழுக் கீழ்ப்படிதல் என்றதும் சில பிரசங்கிமார், ஊழியக்காரர் சொல்வதைக் கேள்வி கேட்காமல் செய்வது என்று திருப்பிவிடுகிறார்கள். அது சரியில்லை. மனுஷரைவிடத் தேவனுக்குக் கீழ்ப்படிவதே அவசியம் என்று இயேசுவின் சீஷரான பேதுரு சொன்னது பிரதான ஆசாரியனின் முகத்துக்கு எதிரே. அம்மா அப்பா பேச்சை மீற முடியாது என்கிற மாப்பிள்ளைக்கும் அந்த வசனம் பொருந்தும். பெற்றோரைக் கனம்பண்ணுவது வேறு, அவர்களுடைய ஆசைக்குத் துணைபோவது வேறு.

ஓலை கொடுக்க வரும்போது ஆயர் மாப்பிள்ளையைத் தனியாக உட்காரவைத்து, "பெண் வீட்டில் என்ன வாங்குகிறாய்?" என்று கேட்கட்டும். பதிலை அவனே சொல்லட்டும். வாங்கியிருந்தால் கல்யாணத்துக்கு முன்பே திருப்பிக் கொடுக்கட்டும். வரி வசூலிப்பவனான சகேயு, இயேசுவிடம், அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திருப்பிக் கொடுக்கிறேன் என்றான். இங்கே வாங்கியதைக் கொடுத்தாலே போதும். அப்படிக் கொடுத்த குடும்பங்கள் நம் நகரத்தில் இருந்தால், பெயர் போடாமலாவது உங்கள் பத்திரிகையில் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை