ஒருவர் படிக்க, ஊரே கேட்டது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரில் வாசிப்புப் பழக்கம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்ட கட்டுரைதான். ஆனால் பிரிட்டனில் முன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே வீட்டுக்கு வீடு விளக்கடியில் உட்கார்ந்து ஆளுக்கொரு புத்தகம் வாசித்தார்கள் என்ற வரியை என்னால் கடந்துபோக முடியவில்லை. 22 ஆண்டுகளாக வேல்ஸில் வாழ்கிறேன். சுவான்சியில் ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியர் வேலை. இங்குள்ள ஏழை வீடுகளில் அன்று படிக்கத் தகுந்த விளக்கும் இல்லை, ஆளுக்கொரு புத்தகமும் இல்லை. இல்லாமலே அவர்கள் எப்படிப் படித்தார்கள் என்பதுதான் சொல்லப்பட வேண்டிய கதை.

முதலில் அந்த விளக்கு. கார்டிஃப் அருகே செயின்ட் ஃபேகன்ஸ் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தில் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே இடுக்கி மாதிரி ஓர் இரும்புப் பிடியைப் பார்த்தேன். கோரைத் தண்டை உரித்து, உள்ளே இருக்கும் வெள்ளைச் சோற்றை ஆட்டுக் கொழுப்பில் தோய்த்துக் காயவைத்து, அந்தப் பிடியில் சாய்த்து வைத்து எரிப்பார்களாம். வீட்டுக்கு வந்து நானே செய்து பார்த்தேன். ஒரு முழத் தண்டு அரை மணி நேரம் எரிந்தது. எரிய எரிய, சில நிமிடத்துக்கு ஒருமுறை தண்டை மேலே நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வெளிச்சத்தில் பக்கத்தில் இருந்தவர் முகம் தெரிந்தது. பொடி எழுத்துப் புத்தகத்தில் இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் கண்ணில் நீர் வந்துவிட்டது. நல்ல மெழுகுவர்த்தி ஏற்றலாமே என்றால், 1831 வரை மெழுகுவர்த்திக்கு வரி. பகல் வெளிச்சத்தில் படிக்கலாம் என்றால், ஜன்னலுக்கும் 1851 வரை வரி. வரிக்குப் பயந்து ஜன்னலை அடைத்த சுவர்களை இன்றும் இங்கே தெருவில் பார்க்கலாம்.

விலையும் அப்படித்தான். 1815-லிருந்து செய்தித்தாள் ஒவ்வொன்றுக்கும் 4 பென்னி முத்திரை வரி. கடைசியில் ஒரு தாள் 7 பென்னி ஆனது. பண்ணைக் கூலிக்காரருக்கு வாரம் முழுக்க உழைத்தால் 10 ஷில்லிங் (ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி) கிடைப்பதே பெரிது. மூன்று பாகமாக வந்த புது நாவல் 31 ஷில்லிங் 6 பென்னி, அதாவது மூன்று வாரக் கூலிக்கும் மேல். முத்திரை வரி 1836-ல் 1 பென்னியாகக் குறைந்து, 1855-ல்தான் அடியோடு போனது.

சரி, அப்படியானால் எப்படிப் படித்தார்கள்? சேர்ந்து படித்தார்கள். நாலைந்து வீடு சேர்ந்து ஒரு செய்தித்தாள் வாங்கும். அது கை மாறி மாறிக் கிழிந்து நைந்துபோகும் வரை ஊர் சுற்றும். மதுக்கடையில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்பார்கள். தையல் கூடத்தில் ஒருவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் படித்தால், அவர் பங்கு வேலையை மற்றவர்கள் பகிர்ந்துகொள்வார்கள். இன்னொரு சங்கதி எனக்கு மிகவும் பிடிக்கும். முத்திரை குத்திய செய்தித்தாளைத் தபாலில் இலவசமாக அனுப்பலாம், கடிதத்துக்கோ கட்டணம் எக்கச்சக்கம். அதனால் பழைய செய்தித்தாளில் வேண்டிய எழுத்துகளுக்குக் கீழே ஊசியால் குத்தியோ புள்ளி வைத்தோ, வீட்டுச் சேதியைச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். 1840-ல் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் முறை வந்த பிறகுதான் அதற்குத் தேவை குறைந்தது.

பணக்காரர்தான் புத்தகம் தொட்டார் என்று நான் சொல்லவரவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஸ்காட்லாந்தில் இன்னர்பெஃப்ரே நூலகத்துக்குப் போயிருந்தேன். வயல்களுக்கு நடுவே, ஒரு சின்னத் தேவாலயத்தை ஒட்டி இருக்கிறது. 1680 வாக்கில் ஒரு பிரபு தொடங்கியது. சுற்று வட்டாரத்து மக்களுக்குக் கட்டணம் இல்லாமலே புத்தகம் தந்திருக்கிறார்கள். 1747 முதல் யார் எதை எடுத்துப் போனார்கள் என்ற பேரேடு அப்படியே இருக்கிறது. நெசவாளர், சாயக்காரர், தையற்காரர், செருப்புத் தைப்பவர், கல்தச்சர், வீட்டு வேலைக்காரர் எல்லோரும் அதில் உண்டு. எடுத்துப் போனதில் பிரசங்க நூல்களும் வரலாறும் ஏராளம்.

கட்டுரையாளர் விட்டுவிட்ட இன்னொன்று, படிக்கத் தெரிந்தும் எழுதத் தெரியாதவர்கள். 1840-களில் திருமணப் பதிவேட்டில் மணப்பெண்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் கையெழுத்துக்குப் பதில் சிலுவைக் குறிதான் போட்டார்கள். அவர்கள் எல்லோரும் படிக்கவும் தெரியாதவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அன்று வாசிப்பைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தார்கள். எழுத்து அப்புறம்தான், பலருக்கு அது வரவே இல்லை. வேல்ஸில் கிரிஃபித் ஜோன்ஸ் என்ற பாதிரியார் 1731-ல் சுற்றுப் பள்ளிகள் தொடங்கினார். ஆசிரியர் ஓர் ஊரில் சுமார் மூன்று மாதம் தங்குவார், பிறகு அடுத்த ஊர். வேல்ஸ் மொழி பைபிளைப் படிக்க மட்டும் கற்றுத் தந்தார்கள், எழுத அல்ல. 1761-ல் அவர் இறப்பதற்குள் 3,000-க்கும் மேற்பட்ட பள்ளிகள் நடந்துவிட்டன. பகலில் வேலைக்குப் போனவர்களும் வயதானவர்களும் இரவில் வந்து படித்தார்கள்.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் 91 வயதுப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி. அவருடைய பாட்டியின் தாயார் கல்யாணத்தில் சிலுவைக் குறி போட்டவராம். அதே அம்மாள் குடும்ப பைபிளை மடியில் வைத்துக்கொண்டு, ஞாயிறு மாலை முழுக்கப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவாராம்.

அந்தப் பெரியவரின் தாத்தாவுக்குச் சுரங்கக் கூலியில் மாதாமாதம் சில்லறை பிடிப்பார்கள். தொழிலாளர் மன்ற நூலகத்துக்கான பணம் அது. தென் வேல்ஸ் பள்ளத்தாக்குகளில் இப்படி நூற்றுக்கும் அதிகமான நூலகங்களை நிலக்கரி வெட்டியவர்களே தங்கள் காசில் நடத்தினார்கள். எந்தப் புத்தகம் வாங்குவது என்று தீர்மானிக்கும் குழுவிலும் அவர்களே. ட்ரெடெகர் ஊரில் 13 வயதில் சுரங்கத்துக்குப் போன அனைரின் பெவன் அப்படிப்பட்ட ஒரு நூலகத்தில் படித்து வளர்ந்தவர்தான். 1948-ல் இந்த நாட்டில் இலவச மருத்துவ சேவையைத் தொடங்கிய அமைச்சர் அவர். பிறகு சுரங்கங்கள் மூடப்பட்டன, மன்றங்கள் நொடித்தன, புத்தகங்கள் வந்த விலைக்குப் போயின. தப்பியவற்றை 1973-ல் சுவான்சியில் தொடங்கிய சுரங்கத் தொழிலாளர் நூலகத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஒருநாள் அங்கே ஒரு பொருளாதார நூலைத் திறந்தேன். உள்ளட்டையில் மன்றத்தின் முத்திரை. சில பக்கங்களின் ஓரத்தில் கறுப்பாக ஒரு கட்டைவிரல் தடம். ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தைத் திருப்ப மனம் வரவில்லை.

பெரியவருக்கு இப்போது கண் தெரிவதில்லை. தினமும் மூன்று மணிக்கு நான்தான் செய்தித்தாள் படித்துக் காட்டுகிறேன். வேல்ஸ் ஊர்ப் பெயர்களை நான் தவறாகச் சொன்னால் அங்கேயே நிறுத்தித் திருத்துவார். முதலில் அவர் ஒருவர்தான் கேட்டார். இப்போது மூன்று பேர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வருகிறார்கள்.

அந்தக் கட்டுரை பின்னால் நூலாக வருமானால், அந்த விளக்கடி வரியை எடுத்துவிட்டு இந்த நெசவாளர்களுக்கும் சுரங்கத் தொழிலாளர்களுக்கும் ஒரு பக்கமாவது ஒதுக்குமாறு கட்டுரையாளரை அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சுவான்சி, வேல்ஸ்