துலாவைக் கொண்டுவந்து நடுங்கள்

மதிப்புக்குரிய பிரதேச சபைத் தவிசாளருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். எந்தக் கிணறு என்று நான் சொல்லத் தேவையில்லை. போன மாதம் உங்கள் ஆட்கள் டிரக்டரோடு வந்து, ஆபத்தான மரம் என்று சொல்லி துலாவைத் தாங்கி நிற்கும் ஆடுகாலைப் பிடுங்கி, தண்ணீர் அள்ளும் நீண்ட மரமான துலாவையும் ஏற்றிக்கொண்டு போனார்களே, அந்தப் பொதுக் கிணறுதான். முதலே அறிவித்தல் ஒட்டினார்களாம். எங்கே ஒட்டினார்கள் என்று ஒழுங்கையில் ஒருவருக்கும் தெரியாது.

கிணற்றுக்கு எதிர்வீட்டு ஆச்சிக்கு 78 வயது. துலா நின்றபோது, அதன் நுனியில் வாளி தொங்கும் கொடியைப் பிடித்து வாளியைக் கீழே அமுக்கினால் போதும். துலாவின் அடிப்பக்கத்தில் கட்டிய கல்லின் பாரம் நிறைந்த வாளியை மேலே கொண்டுவந்துவிடும். இப்போது கிணற்றுக்கட்டில் வயிற்றை அழுத்திக் குனிந்து, வெறுங்கையால் கயிற்றை இழுக்கிறார். பாதியில் கயிற்றைக் காலால் மிதித்துக்கொண்டு மூச்சு வாங்கியதை நேற்றும் பார்த்தேன். எது ஆபத்து, ஐயா?

ஆறில்லாத யாழ்ப்பாணத்து ஊர் இது. வழுக்கியாறும் மாரியில்தான் ஓடும். சுண்ணாம்புக் கல்லை உடைத்துக் கிணறு வெட்டி, துலாவில் ஏறி மிதிக்க ஒருவர், தண்ணீர் அள்ளும் பட்டையைப் பிடிக்க ஒருவர், வாய்க்காலில் தண்ணீர் மாற ஒருவர் என்று நின்றுதான் புகையிலையும் வெங்காயமும் செய்தார்கள். தண்ணீர் இறைக்கும் மண்ணெண்ணெய் மெஷின் வந்ததும் துலாவை மறந்தோம், உண்மைதான். 1990இல் பொருளாதாரத் தடை வந்து எண்ணெய் இல்லாமல் போனபோது, எங்கள் அப்பு இதே துலாவில் திரும்ப ஏறினார். 2022இலும் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்று வெறும் எண்ணெய்க் கானோடு வந்தவர்கள், வாளியோடு இங்கேதான் வந்தார்கள்.

அசல் துலா உங்கள் முற்றத்தில் மழையில் கிடக்கட்டும். அடுத்த கலைவிழா மேடைக்கு ரெஜிபோம் என்ற வெள்ளை நுரை அட்டையில் ஒன்று வெட்டி, பக்கத்தில் நின்று படம் எடுக்கலாம். வீதி அகலித்தபோது, வழிப்போக்கர் சுமை இறக்கிவைக்கும் சுமைதாங்கி போனது. மாடுகள் உடம்பு உரசும் ஆவுரஞ்சிக் கல் எந்த மதவுக்குள் கிடக்கிறதோ. சரி, அது வேறு கதை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான்: ஆடுகாலும் துலாவும் அதே கிணற்றடியில் திரும்ப நிற்க வேண்டும். மரம் உக்கியிருந்தால் சொல்லுங்கள், வேறு மரம் நாங்கள் தருகிறோம். கூலியும் வேண்டாம். ஏற்றிப்போன டிரக்டர் ஒருமுறை திரும்பி வந்தால் போதும். தயவுசெய்து மாரி தொடங்க முன்னர் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
கிணற்றடி ஒழுங்கைக்காரன் ஒருவன்