ஒண்டியா ஜவ்வாது மலை ஏறிட்டேன்டி

என்னடி எப்படி இருக்க? முட்டி வலி பரவால்லயா, பிசியோதெரபி போறியா இல்ல பாதியிலயே விட்டுட்டியா? சின்னவளுக்கு காலேஜ் பிடிச்சிருக்கான்னு அதையும் எழுது. இங்க வேலூர்ல இந்த தடவ நல்ல மழை, பாலாத்துல தண்ணி ஓடுச்சி, அம்மா யார் வந்தாலும் அதையே தான் சொல்லிகினு இருக்காங்க.

சரி விஷயத்துக்கு வரேன். போன சனிக்கிழமை ஜவ்வாது மலைய சைக்கிள்ல ஏறி எறங்கிட்டேன், கூட யாரும் இல்ல. முந்தின ராத்திரி போளூர்ல அக்கா வீட்ல தங்கிட்டு விடியறதுக்குள்ள கெளம்பி ஜமுனாமரத்தூர், அங்கேர்ந்து காவலூர், அப்புறம் ஆலங்காயம் எறங்கி வாணியம்பாடில மாமா வீடு.

வயக்காடு முடிஞ்சி காடு ஆரம்பிக்கற வரைக்கும் ரோடு சமமா தான் போவுது, அப்புறம் தான் மலை. ஏத்தத்துல வேகமே வேணாம்டி, மணிக்கு ஆறு ஏழு கிலோமீட்டர் போனாலே போதும், ஆனா வளைவு வர்றதுக்கு முன்னாடியே சின்ன கியருக்கு மாத்திடணும், வளைவுக்குள்ள போய் அழுத்தி மிதிக்கும்போது மாத்தினா செயின் கழண்டுடும். கொண்டை ஊசில உள் ஓரம் தான் ரொம்ப செங்குத்து, நம்ம பக்கத்துலயே கொஞ்சம் வெளிய தள்ளி போனா மூச்சு வாங்காது.

மேல ஒரு ஊருகிட்ட ரோடு பூரா சாமை கதிர பரப்பி வச்சிருந்தாங்க, வண்டிங்க ஏறி ஏறி மணி உதிரணும்னு. தாளு மேல சைக்கிள் டயர் வழுக்கும்னு நான் எறங்கி தள்ளிகினு போறேன், ஒரு ஆயா பார்த்துட்டு தொடப்பத்தால ஓரமா கூட்டி எனக்குன்னு ஒரு வழி விட்டாங்க. "ஒண்டியாவா வந்த, ஊட்டுக்காரரு வரலியா"ன்னு கேட்டாங்க, ஆமா ஒண்டியா தான்னேன். அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல, உக்கார வச்சி சொம்புல தண்ணி குடுத்துட்டு ஒரு கதிர எடுத்து உள்ளங்கையில கசக்கி ஊதி காட்டுனாங்க. கடுகு மாதிரி அவ்ளோ சின்ன மணி, அதுலயும் உமி போவாம ஒட்டிகினு இருக்கு. முன்னல்லாம் உரல்ல குத்தி தான் அரிசி எடுப்பாங்களாம், தோள்பட்டையே போயிடுமாம். நாலு பேரா போயிருந்தா ஹாய் சொல்லிட்டு தாண்டி போயிருப்போம்டி, ஒத்த ஆளா வந்தா தான் உக்கார சொல்றாங்க. எனக்கு இது ரொம்ப பெரிய விஷயமா படுது.

ஜமுனாமரத்தூர்ல தோசை, டீ. காவலூர்ல மரத்துக்கு நடுவுல அந்த டெலஸ்கோப் கோபுரம் வெள்ளையா தெரிஞ்சப்போ உன்ன தான் நெனச்சேன், நீ பிசிக்ஸ் எடுக்கறவளாச்சே. 1986ல வச்ச 2.34 மீட்டர் டெலஸ்கோப், வைணு பாப்புன்ற வானியல் விஞ்ஞானி பேர்ல. அதுக்கும் முன்னாடியே 1977ல யுரேனஸ் ஒரு நட்சத்திரத்த மறைச்சப்போ அந்த வெளிச்சம் விட்டு விட்டு மங்கினத இங்கேர்ந்தும் பதிவு பண்ணாங்க, யுரேனஸுக்கு வளையம் இருக்குன்னு அப்ப தான் தெரிஞ்சுது. நம்ம பக்கத்து மலை மேலேர்ந்துடி! பசங்களுக்கு அவசியம் சொல்லு.

எறக்கத்துல மட்டும் உஷாரு. பிரேக்க ஒரேயடியா பிடிச்சிகினே இருந்தா சூடாயிடும், விட்டு விட்டு, ரெண்டு பிரேக்கும் சேர்த்து பிடிக்கணும், பின்னாடி ரெண்டு பை வேற இருக்குதுல்ல. ஆலங்காயம் வர்றதுக்குள்ள கை விரல் மரத்து போச்சி. மாமா வீட்ல பிரியாணியும் கத்திரிக்காயும் ரெடியா இருந்துது, ஒரு வார்த்த பேசாம சாப்ட்டேன்.

"சேர்ந்து போலாம், சேர்ந்து போலாம்"னு நாம எத்தன வருஷமா சொல்லிகினு இருக்கோம், ஏலகிரி பிளான் போட்டோமே, அந்த 14 வளைவுக்கும் பாரதியார் கம்பர்னு பேர் வச்சிருக்காங்களேன்னு நீ தான் குதிச்ச. அதுவும் போவோம், நான் இல்லன்னு சொல்லல. ஆனா எனக்காக காத்துகினு இருக்காத, நீ கோயம்புத்தூர்ல இருக்க, முட்டி சரியானதும் டாக்டர்கிட்ட கேட்டுட்டு மேட்டுப்பாளையத்துலேர்ந்து கோத்தகிரி ரோட்ல ஒரு காலைல ஒண்டியா ஏறு. கோத்தகிரி காவலூர விட ரெண்டு மடங்குக்கும் மேல உயரம், முழுசா போவணும்னு இல்ல, எது வரைக்கும் முடியுதோ அது வரைக்கும் போயி திரும்பு. பின் வீல்ல பெரிய பல்சக்கரம் இருக்கற செட் மாட்டிக்கோ, முட்டிக்கு அது தான் நல்லது. கேரியர் பை வாங்காத, என்கிட்ட இருக்கறத பார்சல் போடறேன். வீட்டு அட்ரஸ் மாறிடுச்சின்னியே, புதுசு அனுப்பு.

அம்மா உன்ன கேட்டாங்க.

உன்
பழைய பெஞ்ச் தோழி