சின்னக் குழந்தைகளுக்கும் தீயணைப்பு நிலையத்தைத் திறந்து காட்டுங்கள்: ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
மழலையர் வகுப்பு ஆசிரியை, பெற்றோர்கள் சார்பாகவும்

பெறுநர்:
நிலைய அலுவலர் அவர்கள்,
தீயணைப்பு நிலையம்

பொருள்: 4 முதல் 6 வயது வரையுள்ள குழந்தைகளைச் சிறு குழுக்களாக நிலையத்துக்கு அழைத்து வர அனுமதி வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த அனுமதியைக் கேட்டு ஏற்கெனவே நேரில் வந்தோம். பெரிய வகுப்புப் பிள்ளைகள் என்றால் கூட்டி வாருங்கள், இவ்வளவு சின்னதுகளுக்கு என்ன புரியப்போகிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சொன்னவர் மேல் எங்களுக்கு வருத்தம் எதுவும் இல்லை, பார்க்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் நிலையத்தை முதலில் பார்க்க வேண்டியவர்களே இந்தச் சின்னதுகள்தான் என்று நாங்கள் உறுதியாக நம்புவதால், காரணத்தை விளக்கமாக எழுதிக் கொடுக்கிறோம்.

தீ பிடித்தால் பெரியவர்கள் வெளியே ஓடுகிறார்கள். சின்னக் குழந்தை ஒளிந்துகொள்கிறது, கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குள், போர்வைக்குள். பயம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஒடுங்கிக்கொள்வதுதான் அதற்குத் தெரிந்த ஒரே வழி. அந்தப் புகைக்குள் தேடி வருகிறவர் எப்படி இருப்பார் என்று கொஞ்சம் குழந்தையின் உயரத்திலிருந்து பாருங்கள். தலையில் ஹெல்மெட், முகத்தை முழுக்க மூடிய முகமூடி, முதுகில் மூச்சுக்காற்று சிலிண்டர், கையில் பெரிய டார்ச், ஒவ்வொரு மூச்சுக்கும் உஸ்ஸ் என்று ஒரு சத்தம், பேசினால் முகமூடிக்குள்ளிருந்து அடைத்த மாதிரி ஒரு குரல். காப்பாற்ற வந்தவரைப் பார்த்துக் குழந்தை இன்னும் உள்ளே போகும், பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் மூச்சுக்காட்டாமல் இருக்கும். இது உங்களுக்குத் தெரியாத விஷயமில்லை, உங்கள் வீரர்களே எங்களைவிட நன்றாகச் சொல்வார்கள்.

எங்கள் வகுப்பிலேயே இதைப் பார்த்தோம். ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு வீரர் முழு உடையோடு வந்து நின்றார், நல்ல மனிதர், குழந்தைகளைப் பார்த்துக் கையெல்லாம் ஆட்டினார். முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி சத்தமே போடாமல் மேசைக்கு அடியில் போய், மேசைக்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவர் முகமூடியைக் கழற்றிச் சிரித்த பிறகும் அவள் வெளியே வரவில்லை. அப்புறம் அவர் தரையில் உட்கார்ந்து, முகமூடியை மடியில் வைத்துக்கொண்டு, பூட்ஸைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார், அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளே தவழ்ந்து வந்து பூட்ஸின் வாரைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் எல்லாக் குழந்தைக்கும் கொடுங்கள் என்று கேட்கிறோம்.

எனவே எங்களுக்கு வேண்டியது வண்டியைச் சுற்றிக் காட்டிவிட்டு அனுப்புகிற சுற்றுலா மட்டும் அல்ல. ஒரு வீரர் சாதாரண உடையில் வந்து தன் பெயரைச் சொல்லி, குழந்தைகள் கண் முன்னால் ஒவ்வொன்றாக, கால்சட்டை, பூட்ஸ், மேலங்கி, சிலிண்டர், முகமூடி, ஹெல்மெட், கையுறை என்று அவசரமில்லாமல் போட்டுக்கொள்ள வேண்டும், இடையிடையே "இப்பவும் நான் யாரு?" என்று கேட்க வேண்டும். மூச்சுக் கருவியோடு சேர்த்தால் இந்த உடை 20 கிலோவுக்கும் மேல் வரும் என்பது உங்களுக்கே தெரியும், அதனால் ஒரு சந்திப்புக்கு ஒரே ஒருவர், ஒரே ஒரு முறை போட்டுக் காட்டினால் போதும். கடைசியில் அவர் முட்டி போட்டுத் தவழ்ந்து குழந்தைகள் பக்கமாக வரட்டும், ஏனென்றால் புகைக்குள் அவர் வரப்போவது அப்படித்தான். தொட விரும்புகிற குழந்தை தொடட்டும், விரும்பாத குழந்தையை யாரும் தள்ளிவிட வேண்டாம், பெற்றோர் உட்பட.

சைரன் விஷயத்தில் ஒரு வேண்டுகோள். குழந்தைகளை மகிழ்விக்கிறோம் என்று பக்கத்தில் நிற்க வைத்துத் திடீரென்று சைரன் அடிப்பது பல இடங்களில் நடக்கிறது. கிட்டத்தில் அதன் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். ஒரு குழந்தை அழ ஆரம்பித்தால் மொத்தக் குழுவும் அழும், அதற்குப் பிறகு நீங்கள் சொல்வது எதுவும் காதில் ஏறாது. அடிக்கத்தான் வேண்டுமென்றால் கடைசியில், தள்ளி நிற்க வைத்து, முன்கூட்டியே சொல்லி, காதைப் பொத்தச் சொல்லிவிட்டு அடியுங்கள். அதேபோல் தீ மூட்டி அணைத்துக் காட்டும் செய்முறையும் இந்த வயதுக்கு வேண்டாம், அணைத்தது மறந்துபோய் மூட்டியதுதான் மனதில் நிற்கும்.

சொல்லித் தருவதும் கொஞ்சமாக இருந்தால் போதும். புகை மேலே ஏறும், மூச்சுவிடக்கூடிய காற்று தரையோரம் இருக்கும், அதனால் குனிந்து தவழ்ந்து போ. வெளியே வந்துவிட்டால் பொம்மைக்காகக்கூடத் திரும்ப உள்ளே போகாதே. தீப்பெட்டி, லைட்டர் கண்ணில் பட்டால் தொடாமல் பெரியவரிடம் சொல். நின்று, படுத்து, உருளுவது மட்டும் கவனமாகச் சொல்லப்பட வேண்டும், அது உடையில் தீப்பற்றினால் மட்டும்தான். ஆடிப்பாடிக் கற்றுக்கொண்ட குழந்தைகள் சிலர் தீ எச்சரிக்கை மணி அடித்தாலே வெளியே ஓடாமல் தரையில் படுத்து உருளுகிறார்கள், அது ஆபத்து. தீக்காயத்தில் 20 நிமிடம் குளிர்ந்த குழாய்த் தண்ணீர் ஓடவிட வேண்டும் என்பதைக் கூட வரும் பெற்றோருக்குச் சொல்லுங்கள், குழந்தைகளைவிட அவர்களுக்குத்தான் அது தேவை.

உங்கள் பக்கத்துச் சிரமமும் புரிகிறது. எந்த நேரமும் அழைப்பு வரலாம், வண்டி கிளம்பும் வழியில் குழந்தைகள் நிற்கக் கூடாது. நீங்கள் காட்டும் இடத்தைத் தாண்ட மாட்டோம், மூன்று குழந்தைக்கு ஒரு பெரியவர் என்று கூடவே இருப்போம், மணி அடித்த உடனே சுவரோரம் ஒதுங்கி, வண்டி போன பிறகு திரும்பிவிடுவோம். சந்திப்பு பாதியில் நின்றாலும் யாரும் குறை சொல்ல மாட்டோம், வண்டி எதற்காக அவசரமாகப் போகிறது என்பதைக் குழந்தைகளுக்கு நாங்களே சொல்லிக்கொள்வோம். ஒரு குழுவுக்கு 12 குழந்தைகளுக்கு மேல் வேண்டாம், அரை மணி நேரத்துக்கு மேலும் வேண்டாம், இந்த வயதில் அதற்குமேல் உட்கார மாட்டார்கள்.

ஆகவே, மாதம் ஒரு முறை, உங்களுக்கு வேலை குறைவான ஒரு காலை வேளையில் இப்படி ஒரு சந்திப்புக்கு அனுமதி தர வேண்டும், வயது வரம்பு ஏதாவது இருந்தால் அதைத் தளர்த்த வேண்டும், பொறுப்பாளராக ஒரு வீரரைச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் தாருங்கள், மேல் அலுவலரிடம் கேட்க வேண்டியதாக இருந்தால் கேட்டுக்கொள்கிறோம். சரி என்றால் பெற்றோர் சம்மதக் கடிதங்களோடு வந்து, தேதியைக் குறித்துக்கொண்டு போகிறோம்.

இப்படிக்கு,
மழலையர் வகுப்பு ஆசிரியை மற்றும் பெற்றோர்கள்