மாரியம்மன் கோயிலுக்குள் சென்று வழிபடப் பாதுகாப்பு கோரி மீண்டும் ஒரு மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலுக்குள் பட்டியல் சாதியினரான எங்களை விடுவதில்லை என்று திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் ஏற்கெனவே மனு கொடுத்திருக்கிறோம். ரசீது இருக்கிறது, பதில்தான் இல்லை. கோயில் தாங்கள் அறிந்த இடம்தான். ஏரி உடைப்பைப் பார்க்க வந்தபோது தங்கள் வண்டி நின்ற மதகுக்கு நேர் எதிரே இருக்கிறது. அந்த மதகுதான் எங்களுக்கு எல்லை. சூடம் ஏற்றுவதும் தேங்காய் உடைப்பதும் அங்கேயேதான்.

1. இது இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் உள்ள பொதுக் கோயில். வாசலிலேயே துறையின் பலகை இருக்கிறது. திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி ஊரெல்லாம் வசூலிப்பார்கள், எங்கள் தெருவை மட்டும் விட்டுவிடுவார்கள். நாங்களாகக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் வாங்குவதில்லை. வாங்கினால் உரிமை வந்துவிடுமே!

2. "மத சுதந்திரம் எங்களுக்கும் உண்டு, இது எங்கள் வழக்கம்" என்கிறார்கள் எங்களைத் தடுக்கிறவர்கள். அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு அந்தச் சுதந்திரத்தைத் தருகிறது, சரி. அதே பிரிவுதான் பொதுத்தன்மை கொண்ட இந்துக் கோயில்களை எல்லா வகுப்பினருக்கும் திறந்துவிடச் சட்டம் போடலாம் என்றும் சொல்கிறது. நம் மாநிலத்தில் கோயில் நுழைவுச் சட்டம் 1947லேயே வந்துவிட்டது. அந்தச் சட்டத்தை எதிர்த்து, அப்போது சென்னை மாகாணத்திலும் இப்போது கர்நாடகத்திலும் உள்ள முல்கி ஊரின் வெங்கடரமணர் கோயில்காரர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். தங்கள் சமயக் காரியத்தைத் தாங்களே நடத்திக்கொள்ளும் 26ஆவது பிரிவு உரிமையும் இதற்குக் கட்டுப்பட்டதே என்று 1957இல் தீர்ப்பானது. அது ஒரு தனிப்பிரிவினரின் கோயில். அதற்கே அப்படி என்றால் ஊர்ப் பொதுக் கோயிலில் என்ன வழக்கம்?

3. சட்டம் ஒழுங்கு கெடும் என்று பேச்சுவார்த்தையில் அதிகாரிகள் எங்களிடம் சொன்னார்கள். மத உரிமைக்குப் பொது ஒழுங்கு ஒரு வரம்பு என்பது தெரியும். ஆனால் யார் ஒழுங்கைக் கெடுப்பது? பூத்தட்டோடு போகிறவரா, வழிமறித்து நிற்கிறவரா? மறிக்கிறவர் கோபப்படுவார் என்பதற்காகப் போகிறவரின் உரிமையை நிறுத்தினால், மிரட்டத் தெரிந்தவருக்குத்தான் அரசியலமைப்பு என்றாகிவிடும். மேலும் பேசினால் கோயிலைப் பூட்டி சீல் வைப்போம் என்கிறார்கள். பூட்டுங்கள், அப்புறம் ஊரே எங்களைத்தான் ஏசும்.

4. என் பேரனுக்கு இது ஐந்தாவது வயது. பிறந்த முடியை ஆத்தா சன்னதியில் இறக்குவதாக என் மருமகள் நேர்ந்துகொண்டாள். ஒரு வயதில் எடுத்திருக்க வேண்டும், மூன்றிலும் நடக்கவில்லை. இப்போது முடி இடுப்பைத் தொடுகிறது. காலையில் அவள் எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, இரண்டாக மடித்துக் கட்டி அனுப்புகிறாள். சாயங்காலம் அழுதுகொண்டு வருகிறான். பள்ளியில் பொம்பளைப் பிள்ளை என்கிறார்களாம், ரிப்பனை உருவுகிறார்களாம். பேன் வந்து கடித்துச் சொறிந்து, காதுக்குப் பின்னால் புண்ணாகிவிட்டது. வெட்டி அனுப்புங்கள் என்று டீச்சரும் சொல்லிவிட்டார். வெட்டவும் மனம் வரவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. சமயபுரத்தில் போய் மொட்டை போட்டுக்கொள்ளுங்களேன் என்று ஓர் அலுவலர் சிரித்துக்கொண்டே சொன்னார். குலதெய்வம் கண்ணெதிரே இருக்கும்போது நாங்கள் ஏன் ஐயா பஸ் ஏற வேண்டும்? அவர் வீட்டுப் பிள்ளைக்கு இப்படிச் சொல்வாரா? ஒற்றைப்படை வயதில்தான் எடுப்போம். ஆறு பிறந்துவிட்டால் இன்னும் ஒரு வருடம் இந்தத் தலையோடு அவன் அலைய வேண்டும்.

5. தீண்டாமை 17ஆவது பிரிவில் ஒழிந்தது. மதகில் ஒழியவில்லை.

6. வழிபாட்டிடத்தில் நுழையவிடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். கடமையைச் செய்யாத அலுவலருக்கும் அதில் தண்டனை உண்டு. மிரட்டுவதற்காக இதை எழுதவில்லை, எத்தனை காலம்தான் கெஞ்சுவது?

ஆகவே ஐயா, ஆடித் திருவிழாவுக்கு முன்பே, அவன் ஐந்து வயதுக்குள், காவல் பாதுகாப்போடு எங்களைக் கோயிலுக்குள் அழைத்துச் செல்ல உத்தரவிட வேண்டுகிறோம். வருவாய்த் துறையும் அறநிலையத் துறையும் ஆளுக்கொரு பக்கம் கைகாட்டாமல் சேர்ந்து வர வேண்டும். மறுபடியும் கேட்கிறோம், உள்ளே போய்க் கும்பிட வழி செய்யுங்கள். முடியாது என்றால் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி முடியாது என்று எழுத்தில் கொடுங்கள். அதை எடுத்துக்கொண்டு உயர் நீதிமன்றம் போகிறோம்.

இப்படிக்கு,
கிழக்குத் தெரு மக்கள் சார்பில்